பழைய வேனின் வேகமானி: ஏழு ஆண்டு அனுபவம்

சமையல் பாத்திரங்களை வாடகைக்கு விடும் தொழிலுக்காக, 2006-இல் பதிவான பெட்ரோல் வேன் ஒன்றை 2017-இல் வாங்கினேன். முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின், பக்கவாட்டில் தள்ளு கதவு, 12 அங்குலச் சக்கரங்கள் என்று நம் ஊர்த் தெருக்களில் எல்லோரும் பார்த்திருக்கும் வகைதான். ஏழு ஆண்டுகளில் அந்த வண்டியின் வேகமானி மூன்று முறை தவறாகக் காட்டியது. மூன்று முறையும் காரணம் வேறு, செய்ய வேண்டியிருந்த வேலையும் வேறு. வேகமானி தவறு என்று தெரிந்ததும் புது மீட்டர் வாங்கக் கிளம்பும் வேன்காரர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றபடி டாஷ்போர்டுக்கு வருகிறது. அதன் முனையில் ஒரு காந்தம் சுற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் அதையும் கூடவே இழுக்க, மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைத் தடுக்கிறது. இந்த இரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. கிலோமீட்டர் எண்களைத் திருப்பும் பற்சக்கரங்களுக்கோ காந்தத்தோடும் வில்லோடும் எந்தத் தொடர்பும் இல்லை. அவை நேராகக் கேபிளின் சுழற்சியையே எண்ணுகின்றன. ஆகவே முள்ளும் எண்ணும் சேர்ந்தே தவறினால், குற்றம் கேபிளுக்குக் கீழே, அதாவது டயரிலோ கியர் பாக்ஸின் பற்சக்கரத்திலோ இருக்க வேண்டும். எண் சரியாக இருந்து முள் மட்டும் தவறினால் மீட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் முதல் மூன்று மாதங்களை வீணாக்கியிருக்க மாட்டேன்.

வாங்கிய புதிதில் வண்டி தன் உண்மை வேகத்தைவிட அதிகமாகக் காட்டியது. பக்கத்து இருக்கையில் மைத்துனர் கைப்பேசியில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்துச் சொல்ல, தஞ்சாவூர்–திருச்சி நெடுஞ்சாலையில் வல்லம் தாண்டிய நேரான பகுதியில் ஓட்டிப் பார்த்தேன். உண்மை வேகம் 50 இருக்கும்போது முள் 57-ஐத் தொட்டது. வேகத்தை மாற்றாமல் அரை நிமிடமாவது ஓட்டிய பிறகுதான் ஜி.பி.எஸ். காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். முடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் அது சற்றுத் தாமதித்தே காட்டும். கைப்பேசி இல்லாதவர்களுக்குக் கிலோமீட்டர் கல்லும் கடிகாரமும் போதும்: ஒரு கிலோமீட்டரைக் கடக்க 72 விநாடி ஆனால் வேகம் 50, 60 விநாடி ஆனால் வேகம் 60. ஒரே ஒரு கல்லை மட்டும் நம்பாமல் ஐந்தாறு கற்களுக்குச் சராசரி எடுப்பது நல்லது.

அதே சாலையில் 20 கற்களைக் கடந்தபோது மீட்டரின் எண் 21-ஐத் தாண்டியிருந்தது. எண்ணும் தவறுகிறது என்றால் மீட்டருக்குக் கீழே பார்க்க வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. வண்டியை நிறுத்திக் குனிந்து டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் படித்தேன். கதவு ஓரத் தகட்டில் 145/80 ஆர்12 என்று இருக்க, நான்கு சக்கரங்களிலும் 145/70 ஆர்12 மாட்டப்பட்டிருந்தது. முந்தைய உரிமையாளர் சிறிய காருக்கான டயரைப் போட்டிருக்கிறார். கணக்கு எளிது: டயரின் அகலமான 145 மி.மீ.-இல் 80 சதவீதம், அதாவது பக்கச்சுவரின் உயரம், 116 மி.மீ.; அதை இருமடங்காக்கிச் சக்கரத்தின் 12 அங்குலத்தோடு சேர்த்தால் டயரின் விட்டம் சுமார் 537 மி.மீ. வருகிறது. 70 சதவீத டயருக்கு 508 மி.மீ. மட்டுமே. சிறிய டயர் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 5.7 சதவீதம் கூடுதலாகச் சுற்றுகிறது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த மைலேஜும் உண்மையில் 13.25-தான்.

இதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறு. அந்தக் கார் டயர்களின் சுமைக் குறியீடு 69, அதாவது ஒரு டயருக்கு 325 கிலோ. நான்குக்கும் சேர்த்து 1,300 கிலோ. அண்டா, குத்துப்போணி, அடுப்பு, காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றி, இரண்டு ஆட்களையும் உட்கார வைத்தால் பின் டயர்கள் மீது எவ்வளவு பாரம் விழுந்திருக்கும் என்று நினைத்தபோது அடுத்த நாளே டயர்களை மாற்றினேன். மாற்றிய பிறகு எண் கற்களோடு பொருந்தியது. உண்மை வேகம் 50-க்கு முள் 53 காட்டியது. அந்த மூன்று என்பது பிழையாகாது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39, வேகமானி உண்மை வேகத்துக்குக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்றும், கூடுதலாகக் காட்டுவது உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்குடன் மணிக்கு 4 கி.மீ. சேர்ந்த அளவுக்குள் இருக்கலாம் என்றும் சொல்கிறது. 50-க்கு 59 வரை அனுமதி உண்டு. ஆகவே சற்றுக் கூடுதலாகக் காட்டும் முள்ளைத் திருத்த முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாம் பிழை 2020-இல் வந்தது. 20-க்கும் 40-க்கும் இடையே முள் துடித்தது. அதிகாலையில் டாஷ்போர்டுக்குள்ளிருந்து கீச்சென்ற சத்தமும் கேட்டது. இது வறண்டுபோன கேபிள்தான். மீட்டருக்குப் பின்னால் கையை நுழைத்துத் திருகு மூடியைக் கழற்றி, உள்கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவித் திரும்பச் செலுத்தினேன். மேல் முனையில் நான்கு விரற்கடை அளவுக்குக் கிரீஸ் தடவாமல் விட வேண்டும். இல்லையென்றால் அது சுழற்சியோடு ஏறி மீட்டருக்குள் போய்விடும். கம்பியின் சதுர முனை தேய்ந்து உருண்டிருக்கிறதா என்பதையும், உறை எங்கேனும் கூர்மையாக மடிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஒரு மணி நேர வேலை.

மூன்றாவதுதான் ஆபத்தான பிழை. 2022-இல் ஒரு திருமணத்துக்குப் பாத்திரம் ஏற்றிச் சென்றபோது, பின்னால் காரில் வந்த மைத்துனர் மண்டப வாசலில் இறங்கியதும், "அத்தான், லோடு வச்சுக்கிட்டு அறுபதுல வர்றீங்களே" என்றார். என் முள் 52-ஐத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மறுவாரம் அளந்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. உண்மை 60-க்கு 52, உண்மை 40-க்கு 35. கிலோமீட்டர் எண்ணோ துல்லியம். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் இருமடிப்படி வளர்வதால், 52 என்று நினைத்து 60-இல் போகிறவருக்குப் பிரேக் தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பாரம் ஏற்றிய வேனில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

எண் சரி, முள் குறைவு என்பதால் மீட்டரைக் கழற்றித் திருச்சியில் மீட்டர் பழுதுபார்க்கும் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். முள்ளைப் பிடுங்கி எட்டு கோடு மேலே வைத்து அழுத்தித் தருமாறு நானே யோசனை சொன்னேன். கடைக்காரர் மறுத்துவிட்டார். "அறுபதுல சரியா நிக்கும் தம்பி, இருபதுல பொய் சொல்லும்" என்றார். அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. காந்தம் வலுவிழந்தால் பிழை வேகத்தோடு விகிதமாக வளர்கிறது. முள்ளை நகர்த்தினாலோ எல்லா வேகத்திலும் ஒரே எட்டுதான் கூடும். 20-இல் ஓடும்போது முள் காட்டும் குறைவு ஏறக்குறைய மூன்றுதான். அதில் எட்டைக் கூட்டினால் 25 காட்டும். அவர் மீட்டரைப் பிரித்து, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவிலிருந்த தூசியை மெல்லிய தூரிகையால் எடுத்து, காந்தமேற்றும் கருவியில் சிறிது சிறிதாக வலுவேற்றி, மோட்டாரோடு இணைத்து மூன்று வேகங்களில் முள்ளை ஒத்துப் பார்த்தார். வில்லைத் தொடவே இல்லை. அந்தப் பொறுமையை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பழைய இரும்புக் கடையில் வேறு வண்டியின் மீட்டரை வாங்கி மாட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். அதன் பற்சக்கர விகிதம் நம் வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். ஓடிய தூரமும் வேறு யாருடையதாகவோ ஆகிவிடும். வேறு வழியின்றி மாற்ற நேர்ந்தால், மாற்றிய நாளையும் இரண்டு மீட்டர்களின் எண்களையும் எழுதி வைத்து, வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் காட்டுவதுதான் நேர்மை. கண்ணாடியில் எண்ணைப் பிரதிபலிக்கும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றையும் சில மாதங்கள் பயன்படுத்தினேன். பகலில் உதவியது, இரவில் அதன் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததால் கழற்றிவிட்டேன். ஜி.பி.எஸ்.-ஐ அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் ஓட்டும்போது பார்க்க டாஷ்போர்டில் நம்பகமான ஒரு முள் இருந்தாக வேண்டும்.

இப்போது உண்மை 40-க்கு முள் 42, 60-க்கு 63, 80-க்கு 84 காட்டுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த மூன்றையும் அளந்து, எண்ணெய் மாற்றும் கணக்கு எழுதும் அதே நோட்டில் குறிக்கிறேன். கடந்த மாதம் 60-க்கு 64 வந்தது. டயரின் பள்ளத்தை அளந்தேன். புதிதில் 7 மி.மீ. இருந்தது 2 ஆகத் தேய்ந்திருந்தது. விட்டத்தில் 10 மி.மீ. குறைந்தால் ஏறத்தாழ 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும், அந்த ஒரு கோடு அதுதான். அடுத்த முகூர்த்தத்துக்கு முன் நான்கு டயர்களையும் மாற்ற வேண்டும்.