'ஒரிஜினல் லெதர்' ஃப்ளாகர் விற்கிறவரிடம் ஜாக்கிரதை (மும்பை)

இம்பாக்ட் ப்ளேக்கு, அதாவது இருவரும் சம்மதித்து இன்பத்துக்காக அடித்து விளையாடுவதற்கு, ஃப்ளாகர் (பல வார்கள் தொங்கும் சவுக்கு), பேடில் (அடிக்கும் தட்டைப் பலகை) தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, முழுப் பணத்தையும் யுபிஐயில் முதலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பும் ஒருவர், என்னிடமும் என் கணவரிடமும் ₹2,800 வாங்கி ஏமாற்றிவிட்டார். கையால் செய்த மாட்டுத்தோல் ஃப்ளாகர் என்றார். செம்பூர் வீட்டுக்கு வந்தது ரெக்சின்.

வெறும் ரெக்சின் என்றால் பணம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அதன் வார்கள் ஒவ்வொன்றும் ஓரம் விறைத்து, விரலைக் கீறும் அளவுக்குக் கூராக இருந்தன. கைப்பிடியில் அடித்த ரிவெட்டின் முனை மழுங்கடிக்கப்படாமல் துருத்திக்கொண்டிருந்தது. தலையணையில் வீசிப் பார்த்தோம். உறை கிழிந்தது, ஒரு வார் பிய்த்துக்கொண்டு போனது. ஒருவர் தன் உடம்பை நம்பி இன்னொருவர் கையில் கொடுக்கிற விஷயம் இது. எவ்வளவு அடி, எந்த வார்த்தை சொன்னால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துத்தான் தொடங்குகிறோம். சிறுநீரகம் இருக்கும் பகுதி, முதுகெலும்பு, வால் எலும்பு பக்கமே போவதில்லை. அத்தனை கவனமும் அந்த ஒரு ரிவெட்டால் வீணாகியிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "இதைப் போய் எந்த போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லுவீங்க மேடம்?" என்று இந்தியில் கேட்டார். அப்புறம், நாங்கள் பேசிய சாட் மெசேஜ்களைக் குடும்பத்தாருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். நம்முடைய கூச்சம்தான் இவர்களுக்கு முதலீடு. எனக்கு அதுதான் ஆத்திரம்.

புகாரில் அது எதற்கான பொருள் என்று விளக்க வேண்டியதே இல்லை. தோல் என்று விற்று ரெக்சின் அனுப்பினார், அவ்வளவுதான். நுகர்வோர் உதவி எண் 1915. மிரட்டலோ பண மோசடியோ என்றால் சைபர் குற்ற எண் 1930. சாட் மெசேஜ்களையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காதீர்கள்.

வாங்கும் முன் வாரின் அடிப்பக்கத்தையும் வெட்டிய ஓரத்தையும் கிட்டத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தோல் என்றால் நார் நாராக, சொரசொரப்பாக இருக்கும். ரெக்சினில் பின்பக்கம் துணி தெரியும். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

உண்மையில் மும்பையில் இருந்துகொண்டு ஆன்லைனில் தோல் வாங்கவே தேவையில்லை. தாராவியில் தோல் தொழிலை வளர்த்ததில் நம் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பை, பெல்ட் தைக்கும் பட்டறையில் மிச்சத் துண்டு கேட்டுப் பாருங்கள். "அண்ணாச்சி, மெத்துனு இருக்கிற தோலா பார்த்து அரை இஞ்ச் வாரா வெட்டிக் கொடுங்க" என்றேன். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. ஒரு மரக்கட்டையில் வார்களைச் சுற்றி, பசை போட்டு, மேலே நூலால் இறுக்கிக் கட்டினோம். ரிவெட்டே இல்லை. செலவு, ஏமாந்த பணத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. பேடிலுக்கு அகலமான மரக்கரண்டி போதும். விளிம்பை உப்புத்தாளால் நன்றாக உருட்டித் தேய்த்து, சிலாம்பு இல்லையா என்று பழைய காலுறையை மேலே இழுத்துப் பாருங்கள், எங்கேயும் மாட்டக் கூடாது.

அந்த ஆள் இப்போது வேறு பெயரில் கணக்கு தொடங்கியிருக்கிறார். சிவப்பு வெல்வெட் துணிமேல் வைத்து எடுத்த அதே படங்கள்தான். பார்த்தால் ரிப்போர்ட் செய்யுங்கள்.