காதிரைச்சலுக்கு வைட் நாய்ஸ் மெஷின்: டோமா, லெக்ட்ரோஃபேனா?

பகலெல்லாம் பேச்சும் நடமாட்டமும் மூடி வைத்திருக்கும் காதிரைச்சல், விளக்கை அணைத்துப் படுத்ததும் 'ஙொய்' என்று முன்னால் வந்து நிற்கும். இரைச்சல் கூடிவிடவில்லை, சுற்றியிருந்த சத்தம் அடங்கிவிட்டது. ஒலியை உணரும் உள்காதின் மயிரணுக்கள் சேதமாகி, மூளைக்குப் போகும் ஒலி குறையும்போது மூளை தன் கூர்மையை ஏற்றிக்கொள்கிறது, அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். சீரான 'உஸ்ஸ்' சத்தம் எழுப்பும் வைட் நாய்ஸ் மெஷின் அந்த இரவு அமைதியைக் கொஞ்சம் கலைக்கும், அவ்வளவுதான். இரைச்சலைக் குணமாக்கும் என்று எழுதியிருக்கும் எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம்.

யோகாஸ்லீப் நிறுவனத்தின் டோம், 1962-இல் வந்த ஸ்லீப்மேட் என்ற மெஷினின் வழிவந்தது. உள்ளே நிஜமான சின்ன விசிறி ஓடுகிறது, ஆனால் காற்று வீசாது. வேகம் இரண்டே; மேல்மூடியைத் திருகினால் துளைகள் திறந்து மூடி, சத்தத்தின் தன்மை மாறும். பதிவுசெய்த ஒலி இல்லை என்பதால் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருகிற தொல்லை கிடையாது. கேட்க இதமான, கனமான காற்றுச் சத்தம். குறை என்னவென்றால், சத்தத்தை மட்டும் தனியாக நூல் பிடித்தாற்போல் குறைக்க முடியாது. மரமேசையில் வைத்தால் அதிர்வு சேர்ந்து முனகும். அடியில் துணியை நான்காக மடித்துப் போட்டால் நின்றுவிடும்.

லெக்ட்ரோஃபேனில் விசிறி இல்லை. 10 விசிறிச் சத்தமும் 10 வகை இரைச்சலும் சிப்பிலேயே உருவாகின்றன. இதிலும் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வராது. சத்தத்தைச் சிறு சிறு படியாக ஏற்றி இறக்கலாம். வெறும் தூக்கத்துக்கு என்றால் டோம் போதும். காதிரைச்சலுக்கு என்றால் எங்கள் ஓட்டு லெக்ட்ரோஃபேனுக்குத்தான், காரணம் அந்தச் சிறு படிகள்.

அளவு வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இரைச்சல் காதில் விழாமல் போகும்வரை சத்தத்தை ஏற்றினால் அன்றிரவு நிம்மதி. ஆனால் மூளைக்கு அந்த இரைச்சலோடு பழக வாய்ப்பே இல்லை. 1990-இல் காதிரைச்சல் ஆய்வாளர் யாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்த பயிற்சிச் சிகிச்சை சொல்வது வேறு: இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும். படுத்த நிலையில், பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். மெஷின் சத்தமும் காதின் 'ஙொய்'யும் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து ஒரு படி இறக்கி விட்டுவிடுங்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். தலையணையருகே அதைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். கடைசிப் படியும் அதிகமாகத் தெரிந்தால் மெஷினைத் தள்ளி வையுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அதைவிடக் குறைவாகவே இறங்கும்.

டைமரை அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் நின்றுபோனால், நடுராத்திரி விழிப்பு வரும்போது முதலில் கேட்பது காதிரைச்சலாகத்தான் இருக்கும்.

எந்த இரைச்சலைத் தேர்வது? காதிரைச்சல் பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த சுருதி. அடிச்சுருதி மிகுந்த கனமான இரைச்சலான பிரவுன் நாய்ஸ், ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும்) 6 டெசிபெல் குறைந்துகொண்டே போவதால், அந்த உயரத்தில் அதில் சரக்கே இல்லை. வைட்டுக்கும் பிரவுனுக்கும் இடைப்பட்ட பிங்க் நாய்ஸ் 3 டெசிபெல்தான் குறையும். அதில் தொடங்குவது நல்லது. வைட் நாய்ஸ் சிலருக்குக் கூர்மையாகக் குத்தும், சத்தமே தாங்காதவர்களுக்கு இன்னும் அதிகமாக.

மழை, அலை என்று நூறு ஒலி தரும் மலிவுக் கருவிகளை வாங்குமுன் கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேளுங்கள். பதிவு குட்டையாக இருந்தால் அதே இடி, அதே துளி, இணைப்பில் ஒரு 'டிக்'. ஒருமுறை பிடிபட்டால் மனம் அடுத்த 'டிக்'குக்காகவே காத்துக்கிடக்கும்.

செவித்திறன் குறைந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். உயர்ந்த சுருதி காதில் விழாததால் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தூக்கம் போகும். இவர்களுக்குத் தலையணைக்கடியில் வைக்கும் தட்டையான ஸ்பீக்கர் பொருந்தும். பகலுக்குக் காதுக்கருவிதான் முதல் செலவாக இருக்க வேண்டும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை அகாடமியின் 2014 வழிகாட்டுதலும் செவிக்குறை இருந்தால் காதுக்கருவிப் பரிசோதனையையும், விடாமல் வாட்டும் இரைச்சலுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) பரிந்துரைக்கிறது; இந்த மெஷின்கள் போன்ற ஒலிச்சிகிச்சையை ஒரு தெரிவாக மட்டுமே வைக்கிறது.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், இவற்றில் எது இருந்தாலும் மெஷின் வாங்குவதற்கு முன் காது மருத்துவரைப் பாருங்கள். திடீரெனக் காது மந்தமானால் அன்றே போங்கள்; ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் செவித்திறன் திரும்ப நல்ல வாய்ப்பு.