டர்பனில் 'இலவச பிரேக் சோதனை'க்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கடையின் பெயரைப் போட மாட்டேன், புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. டயர், ஷாக் அப்சார்பர், பிரேக் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்றித்தரும் கடைகள் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனைச் சுற்றி ஏராளம். அதில் ஒன்று, வாசலில் 'பிரேக் சோதனை இலவசம்' என்று பெரிய பலகை. பிரேக் கீச்சிடுகிறதே என்று போனவனிடம் 6,400 ரேண்ட் வாங்கினார்கள். கீச்சல் போகவில்லை. போகாததுகூடப் பரவாயில்லை, பில்லில் எழுதிக் காசு வாங்கிய வேலையையே அவர்கள் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னுடையது பழைய டொயோட்டா கொரோலா. வீடு ப்ளஃபில், கடலுக்கு மிக அருகில். கார் ராத்திரி முழுக்க வெளியில்தான் நிற்கும். காலையில் எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் ஒரு கரகரப்பு வரும், அப்புறம் போய்விடும். அது வியாதி இல்லை. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டு வார்ப்பிரும்பு, உப்புக்காற்றில் ஒரே இரவில் மேலே மெல்லிசாகத் துரு படியும், பிரேக் மிதிக்கும்போது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அதைத் தேய்த்து எடுத்துவிடும். எனக்குச் சந்தேகம் வந்தது வேறொன்றால். பகலிலும், சிக்னலில் மெதுவாக நிறுத்தும்போது 'கீ...' என்று நீளமாக ஒரு சத்தம். பெடல் கெட்டியாக இருந்தது, வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, ஸ்டியரிங் நடுங்கவில்லை. சத்தம் மட்டும்தான்.

கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டதே எங்கே வேலை செய்கிறீர்கள் என்றுதான். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, மேட்டுப் பகுதியில் இருக்கும் க்ளூஃப் என்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். முன்சக்கரம் கழற்றியிருந்தது. டார்ச் அடித்து, டிஸ்க்கின் நடுவில் தொப்பி மாதிரி மேடாக இருக்கும் பகுதியைக் காட்டினார். செம்மண் நிறத்தில் செதில் செதிலாகத் துரு. விரலால் சுரண்டிக் கொட்டியும் காட்டினார்.

"பாருங்க பாஸ், டிஸ்க் அழுகிப்போச்சு. இதை வெச்சுக்கிட்டா தினமும் ஃபீல்ட்ஸ் ஹில் இறங்குறீங்க?"

க்ளூஃபிலிருந்து கீழே இறங்கும் செங்குத்தான சாலை அது. இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் வயிறு கலங்கும். 2013 செப்டம்பரில் பைன்டவுன் பக்கம் அந்த இறக்கத்தில் வந்த லாரி, கீழே மினிபஸ் டாக்ஸிகள் மேல் மோதி இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தப் பயத்தை வைத்து வியாபாரம் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தத் துருவைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பில்லில் நான்கு வரிகள்: முன் டிஸ்க் இரண்டு, பேட் ஒரு செட், 'கேலிப்பர் சர்வீஸ்' 850 ரேண்ட், கூலி. (பேட்டைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகம்தான் கேலிப்பர்.) சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது பழைய சாமான்களைக் கேட்டேன். இரும்புக்கடைக்குப் போய்விட்டது என்றார்கள். மதியம் கழற்றிய டிஸ்க் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாம்!

ஒரு வாரம் அமைதி. அப்புறம் அதே 'கீ...', இந்த முறை முன்னைவிடக் கூர்மையாக. திரும்பப் போனேன். "புது பேட் அப்படித்தான் கத்தும் பாஸ், பழகிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். பழகவில்லை.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீட்டுக் கராஜிலேயே வேலை பார்க்கும் ஒரு அங்கிள் இருக்கிறார். கோயிலில் பழக்கம். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார், திட்டுவது மட்டும் முழுத் தமிழ். அவர் முதலில் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, ஜன்னலை இறக்கிப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தார். பிரேக்கை மிதிக்காதபோது சத்தம் இருக்கிறதா, மெல்ல மிதித்தால் வருகிறதா, அழுத்தி மிதித்தால் நிற்கிறதா என்று மாற்றி மாற்றிச் செய்ய வைத்தார். மிதிக்காமலே கீச்சிட்டு, மிதித்தால் நின்றுபோனால், பெரும்பாலும் பேட்டில் இருக்கும் சின்னத் தகரநாக்கு டிஸ்க்கில் உரசுகிறது என்று அர்த்தமாம். பேட் தீரப்போகிறது என்று சொல்வதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். இரும்பும் இரும்பும் உரசுவதுபோல் கரகரவென்று அரைத்தால் பேட் தீர்ந்தேவிட்டது, மேற்கொண்டு ஓட்டக் கூடாது. என்னுடையது மெல்ல மிதித்தால் மட்டும் வந்தது. பேட் தன் இருக்கையில் சரியாக உட்காராமல் அதிர்கிற சத்தம் என்றார்.

அப்புறம்தான் ஜாக்கி போட்டார். கேலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு 'பின்' என்று சொல்லும் உருளைக் கம்பிகள் இரண்டு உண்டு, ரப்பர் உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். மேல் பின் கையால் இழுத்ததும் வந்தது. கீழ் பின் வரவே இல்லை. ஸ்பேனர் போட்டுத் திருகித் திருகி வெளியே எடுத்தார். ஒரு சொட்டு கிரீஸ் இல்லை, காப்பித்தூள் மாதிரி துருதான் கொட்டியது. போட்டுச் சில வாரமே ஆன புது பேட் அதற்குள் ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருந்தது.

"இதுதான் சர்வீஸ் பண்ண கேலிப்பரா தம்பி?" என்று பின்னை என் உள்ளங்கையில் வைத்தார்.

பேட்டின் முதுகில் ஷிம் இல்லை. அதிர்வை உள்வாங்குவதற்காகப் பேட்டுக்கும் கேலிப்பருக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடு அது. பழைய பேட்டோடு சேர்த்துக் கழற்றித் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். பேட்டின் காதுகள் உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டவும் இல்லை.

செல்போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார். துரு இருந்த இடம் பேட் தொடவே தொடாத இடம். பேட் உரசும் முகம் பளபளவென்று இருந்தது. கடலோரத்தில் நிற்கும் எந்தக் காரைப் பார்த்தாலும் நடுத்தொப்பியும் வெளி விளிம்பும் அப்படித்தான் இருக்கும் என்றார். டிஸ்க்கை மாற்றணுமா என்பதை முகத்தின் கனத்தை அளந்துதான் சொல்ல முடியும். எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அந்தக் கடையில் அளக்கும் கருவியை யாரும் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. அதே படத்தின் ஓரத்தில் பழைய பேட்டும் விழுந்திருந்தது, பாதிக்கு மேல் மிச்சம். புது பேட் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்தால்தான் மாற்ற வேண்டும்.

அங்கிள் பின்களைச் சுத்தம் செய்து அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் போட்டார். இருக்கையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, புது ஷிம் வைத்து, பேட்டின் முதுகிலும் காதிலும் மட்டும் பிரேக் கிரீஸ் தடவினார். உரசும் முகத்தில் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. (சத்தம் நிற்க எண்ணெய் ஸ்ப்ரே அடியுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் ஓடிவிடுங்கள். சத்தத்தோடு பிரேக்கும் நின்றுவிடும்.) பிறகு பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிவதற்காக, காலியான ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகம் வரை போய், முழுசாக நிறுத்தாமல் 10 வரை குறைத்து, ஆறவிட்டு, மறுபடியும் அதையே செய்யச் சொன்னார். சாமானும் கூலியும் சேர்த்து 700 ரேண்டுக்குள் முடிந்தது. சத்தம் போய்விட்டது.

இனி பணம் பற்றி. இந்த நாட்டின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு நிறையக் கொடுத்திருக்கிறது, கவுண்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிரிவு 67-இன்படி, கழற்றிய பழைய சாமான்களை மற்ற வண்டிகளின் சாமானோடு கலக்காமல் எடுத்துவைத்து, சுத்தமான பை அல்லது பெட்டியில் போட்டு நம்மிடம் தர வேண்டும். வேண்டாம் என்று நாமே சொன்னால்தான் விலக்கு. அதாவது கேட்காவிட்டாலும் தர வேண்டியது அவர்கள் கடமை. மதிப்பீடு கொடுத்த பிறகு, நம் சம்மதம் இல்லாமல் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது பிரிவு 15. புதிதாகப் போட்ட பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு, அது பிரிவு 57. வேலை சரியில்லை என்றால் சரிசெய்து தர வேண்டும், இல்லை நியாயமான ஒரு பகுதிப் பணத்தைத் திருப்ப வேண்டும், பிரிவு 54.

பிரிவு எண்களோடு ஈமெயில் அனுப்பினேன். கூடவே துருப்பிடித்த பின், சரிவாகத் தேய்ந்த பேட், இரண்டின் படமும். அதுவரை போனையே எடுக்காத மேலாளர் மறுநாளே கூப்பிட்டார். அடுத்த முறை டயர் மாற்றும்போது பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறாராம். டயர் எனக்கு எதற்கு? கேலிப்பர் சர்வீஸுக்கு வாங்கிய 850 முழுசாகவும், அளக்காமல் மாற்றிய டிஸ்க்குகளின் விலையும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். தராவிட்டால் மியோசா என்று சொல்லும் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அங்கே போவதற்கு முன் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், அது ஆகிவிட்டது. படிவம் நிரப்பித் தயாராக இருக்கிறது. பின்னை ஒரு ஜிப் பையில் போட்டு பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.