தடுப்பூசி: துணை நிலையமா, ஊருக்கு வரும் முகாமா?

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் 2004–07இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அரசுத் துணை சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம்தான். ஆனால் கூலியை விட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போனால் பல நாள் கதவு பூட்டியிருக்கும். அதை மட்டுமே நம்பிய ஊர்களில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 6 சதவீதம்.

மாதமொருமுறை, சொன்ன தேதியில் ஊருக்குள்ளேயே முகாம் நடந்த இடங்களில் 18. மூன்று மடங்கு, சரி. ஆனாலும் முதல் ஊசிக்கு வந்த பலர் கடைசி ஊசிவரை வரவில்லை. சில முகாம்களில் ஊசிக்கு ஒரு கிலோ பருப்பு, முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள். அங்கே 39! லஞ்சம் மாதிரி இருக்கிறதே என்பார்கள். ஆனால் கூட்டம் கூடியதால், பருப்பில்லாத முகாமைவிட முழுத் தடுப்பூசிக்கு ஆன செலவு குழந்தைக்குப் பாதியாகக் குறைந்தது. என் ஓட்டு முகாமுக்கு, பருப்போடு.