அமைலாய்டு பார்க்க ஸ்கேனா, தண்டுவட நீரா, ரத்தமா?

அம்மாவின் மறதிக்குக் காரணம் அல்சைமர்தானா என்று உறுதி செய்ய நரம்பியல் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று அமைலாய்டு பெட் ஸ்கேன்: அல்சைமரில் மூளையில் படியும் அமைலாய்டு என்ற புரதத்தைப் படம் பிடிப்பது. இன்னொன்று, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பது. நாங்கள் ஸ்கேனுக்குப் போனோம். யாராவது கேட்டால் இப்போதும் என் ஓட்டு ஸ்கேனுக்குத்தான், ஆனால் அது எல்லோருக்கும் தேவைப்படாது.

எம்ஆர்ஐ இந்தப் போட்டியிலேயே இல்லை. மூளை சுருங்கியிருப்பதையும் கசிவையும் காட்டும், புரதத்தைக் காட்டாது. சர்க்கரையை வைத்து எடுக்கும் எஃப்டிஜி பெட்டும் புரதத்தைப் பார்ப்பதில்லை.

தண்டுவட நீர்ப் பரிசோதனையை மட்டமாகச் சொல்ல மாட்டேன். மூளையில் அமைலாய்டு படியப் படிய, நீரில் அமைலாய்டு 42 என்ற வகை குறையும். அதை அமைலாய்டு 40 என்ற இன்னொரு வகையோடு ஒப்பிட்டு விகிதம் பார்க்கிறார்கள். எடுத்த அதே நீரிலேயே, அல்சைமரோடு தொடர்புள்ள இன்னொரு புரதமான டாவின் அளவும் தெரிந்துவிடும். செலவும் ஸ்கேனைவிடக் குறைவு. சிலருக்கு அப்புறம் தலைவலி வரும்; ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஊசி போடுவதே சிக்கல். பலரும் கவனிக்காத ஒன்று, நீரைப் பிடிக்கும் குழாய். அமைலாய்டு பசை மாதிரி ஒட்டும். பாலிபுரோப்பிலீன் அல்லாத குழாயில் பிடித்தால் ஒரு பங்கு சுவரிலேயே தங்கி, அளவு குறைவாக வந்து, இல்லாத நோய் இருப்பதுபோலக் காட்டலாம்.

ரத்தப் பரிசோதனை வேகமாக மேலே வருகிறது. டாவின் ஒரு வடிவமான பி-டாவ் 217 என்ற புரதத்தை அமைலாய்டு 42-ஓடு சேர்த்துப் பார்க்கும் ஒரு பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. முடிவு தெளிவாக ஒரு பக்கம் விழுந்தால் பலருக்கு அதோடு வேலை முடிந்தது. நடுவில் மாட்டினால் ஸ்கேனோ தண்டுவட நீரோ வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் பி-டாவ் 217 கூடித் தெரியும். முதல் வடிகட்டியாக வைத்துக்கொள்ள நல்ல பரிசோதனை.

சரி, ஸ்கேன். 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில்தான் பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி என்ற, அமைலாய்டில் ஒட்டிக்கொண்டு படத்தில் தெரியும் கதிரியக்க ஊசி மருந்தை வைத்து உயிரோடு இருக்கும் நோயாளியின் மூளையில் அமைலாய்டை முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். அதிலிருந்த கதிரியக்கப் பொருளான கார்பன் 11-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 20 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இருந்தால்தான் உண்டு. ஃப்ளோரின் 18 சேர்த்த மருந்துகளுக்கு அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால் ஓரிடத்தில் தயாரித்து வேறிடத்துக்கு அனுப்ப முடிகிறது. 2012-இல் எஃப்டிஏ அனுமதித்த ஃப்ளோர்பெட்டாபிர் அப்படிப்பட்டது. கையில் ஊசி, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு, பிறகு 10 நிமிடப் படம். மறதி உள்ளவரை அந்த 10 நிமிடம் தலை அசையாமல் வைத்திருப்பதுதான் பெரிய பாடு. எதற்குப் படுத்திருக்கிறோம் என்பதே மறந்துபோய் அம்மா எழப் பார்த்தார். நெற்றியில் பட்டை கட்டித்தான் எடுத்தார்கள்.

படத்தை மருத்துவர் எங்களுக்கும் காட்டினார். அமைலாய்டு இல்லாத மூளையிலும் உள்ளே இருக்கும் வெண்பொருள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்துச் சாம்பல் பகுதி மங்கலாக இருக்கும். அதனால் உள்ளே கிளை கிளையாக ஓர் உருவம் தெளிவாகத் தெரியும். அமைலாய்டு இருந்தால் ஓரமும் பிடித்துக்கொள்ள, கிளைகளின் எல்லை அழிந்து எல்லாம் ஒன்றாகிவிடும். அம்மாவின் படத்தில் கிளைகளைத் தேட வேண்டியிருந்தது.

இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கேள்வி என்றால் தண்டுவட நீரும் ஏறக்குறைய இதே அளவுக்கு நம்பகமானது. எங்களை ஸ்கேன் பக்கம் சாய்த்தது 'எவ்வளவு' என்ற கேள்வி. நீரில் அமைலாய்டு 42 நோயின் ஆரம்பத்திலேயே சரிந்து, பிறகு ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும். மூளையில் படிவு கூடிக்கொண்டே போனாலும் அந்த எண் பெரிதாக அசையாது. ஸ்கேனில் அளவை சென்டிலாய்டு என்ற கணக்கில் சொல்லலாம்: அமைலாய்டு இல்லாத இளவயதினரின் சராசரி 0, அல்சைமர் நோயாளியின் சராசரி 100. படிவு கூடினால் எண் கூடும், கரைந்தால் குறையும்.

மருந்து என்று வரும்போது இதன் அருமை தெரியும். 2023-இல் லெக்கனெமாபும் 2024-இல் டொனனெமாபும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. இரண்டும் அமைலாய்டைக் கரைக்கும். நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும், நிறுத்தாது. டொனனெமாப் ஆய்வில் மருந்தை எப்போது நிறுத்துவது என்பதையே ஸ்கேன்தான் முடிவு செய்தது: ஒரு ஸ்கேனில் 11 சென்டிலாய்டுக்குக் கீழே, அல்லது அடுத்தடுத்த இரண்டு ஸ்கேனில் 11-க்கும் 25-க்கும் இடையே. அம்மாவுக்கு மருந்து தொடங்குவதா என்று இன்னும் முடிவாகவில்லை. தொடங்கினால், ஒப்பிட்டுப் பார்க்க முதல் எண் கையில் இருக்கிறது. மருந்தே வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களுக்கு இந்த வாதம் செல்லாது. ரத்தமோ தண்டுவட நீரோ போதும்.

ஸ்கேனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. மறதியே இல்லாதவர்களின் மூளையிலும் அமைலாய்டு இருக்கும். 2015-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்றின்படி 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கு. 90 வயதில் 44 சதவீதம் பேருக்கு. ஆகவே வயது ஏற ஏற 'இருக்கிறது' என்ற பதிலின் கனம் குறையும். 'இல்லை' என்ற பதில் எந்த வயதிலும் பெரும்பாலும் அல்சைமரைத் தள்ளிவைக்க உதவும்.

டாவ் பெட் நாங்கள் எடுக்கவில்லை. படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன். அதற்கான ஊசி மருந்து ஃப்ளோர்டாசிபிர் 2020-இல் அனுமதி பெற்றது. அமைலாய்டைவிட டாவ் பரவும் இடங்கள்தான் அறிகுறிகளோடு நெருக்கமாக ஒத்துப்போகின்றன. ஆனால் ஆரம்பக் கட்டத்தில் படம் ஒன்றும் இல்லாததுபோல வரலாம். முதியவர்களுக்கு, மறதி எவ்வளவு தூரம் அல்சைமரால் வந்தது என்ற சந்தேகம் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்கேன் எடுப்பதென்றால், அறிக்கையில் பாசிட்டிவ் என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். சென்டிலாய்டு எண்ணையும் ஸ்கேனுக்கு எந்த ஊசி மருந்து போட்டார்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்கேன் வேறு இடத்தில் எடுக்க நேர்ந்தால் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.