ஜிப்சியைத் தூக்கித் தருகிறோம் என்று ஏமாற்றினார்கள்: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

பழைய மாருதி ஜிப்சியோ ஜீப்போ வைத்திருப்பவர்கள், வண்டியின் உயரத்தைக் கூட்டும் ‘லிஃப்ட் கிட்’ போடலாம் என்ற எண்ணம் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 84,000 ரூபாய் போனது. பணத்தைக்கூட விடுங்கள். அந்த வண்டியில் அக்காவையும் அவளுடைய இரண்டு குழந்தைகளையும் உட்கார வைத்துக்கொண்டு வால்பாறை மலையை இறங்கினேன். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

வண்டி 2008 மாடல் ஜிப்சி கிங், அப்பா வாங்கியது. பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்புக்குள் போகும் பாதையில் அடிப்பாகம் கல்லில் இடிக்க ஆரம்பித்திருந்தது. 2023 தொடக்கத்தில் கோவையில் ஆஃப்ரோடு வேலைக்குப் பேர்போன ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். வண்டியைச் சுற்றிவந்து பார்த்த ஓனர், “பழைய சஸ்பென்ஷனை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்கண்ணா. இம்போர்ட்டட் கிட் இருக்கு, மூணு இன்ச் தூக்கும். 235 மட் டயர் போட்டுட்டா அப்புறம் எங்க வேணா போலாம்” என்றார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரச்சினை வருமா என்று கேட்டேன். “எத்தனை வண்டிக்குப் போட்டிருக்கோம், ஒண்ணும் வராதுங்கண்ணா.” பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து இருட்டும் நேரத்தில் வண்டியைக் கையில் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருந்தது. குனிந்து கீழே பார்க்கத் தோன்றவில்லை.

கோவையிலிருந்து பொள்ளாச்சி வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அறுபதில் போனால் வண்டி ரோட்டில் அலைந்தது. வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை. போன் செய்தேன். புது டயர், 500 கிலோமீட்டர் ஓடட்டும் என்றார். ஓடிய பிறகும் அப்படியேதான் இருந்தது. அலைன்மென்ட் செய்து கொடுத்தார், அப்போதும் மாறவில்லை. பழகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். லேசான தூறலில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவை ஒடித்து முடித்ததும் ஸ்டீயரிங் அப்படியே நின்றுவிட்டது. எதிரே பஸ் ஏறி வருகிறது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் நேராக்கினேன். அதே நொடியில் ஒரு பள்ளத்தில் பின்பக்கம் எம்பிக் குதித்து, ஈரத் தாரில் ஒரு முழம் விலகியது. பஸ் டிரைவர் நிறுத்திவிட்டதால் தப்பினோம். ஆழியாறு செக்போஸ்ட் வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் பொள்ளாச்சியில், லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் விட்டேன். சேஸிஸில் ஜாக்கி வைத்து பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டார். “கண்ணு, இங்க விரல வச்சுப் பாரு” என்றார். பின் ஆக்ஸிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் தந்தி மாதிரி விறைத்து நின்றது. வண்டி உயர்ந்தால் ஹோஸையும் நீளமாக மாற்ற வேண்டும். பழையதையே விட்டிருக்கிறார்கள். இன்னொரு பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கியிருந்தால் அது பிய்ந்திருக்கும்.

அப்புறம் அந்த ‘இம்போர்ட்டட் கிட்’. கறுப்புப் பெயின்டைச் சுரண்டிக் காட்டினார். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் இரண்டு பக்கமும் வெறும் பட்டா இரும்பு. கேஸ் கட்டரால் வெட்டிய ஓரம் பல் பல்லாக இருந்தது. இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு துண்டுகூட இல்லை. அதனால்தான் பக்கவாட்டில் ஆட்டம். பட்டைக் கட்டுக்குள் ஏதோ பெரிய வண்டியின் தடித்த பட்டை ஒன்றைச் செருகியிருந்தார்கள். ஜிப்சியின் எடை ஏறக்குறைய ஒரு டன்தான், அந்தப் பட்டை அதற்கு வளையவே வளையாது. பின்பக்கம் குதித்தது அதனால்தான். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்கூடப் பழையதுதான், மரை தேய்ந்து கிடந்தது.

ஸ்டீயரிங் திரும்பாததற்கும் இந்த ஷேக்கிள்தான் காரணம். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள். மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக இழுத்து வைக்கிறது. காரில் அதை கேஸ்டர் என்பார்கள். ஜிப்சியில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் பம்பர் பக்கம் இருக்கிறது. அதை நீளமாக்கினால் ஸ்பிரிங்கின் முன்முனை இறங்கி, ஆக்ஸில் முன்னால் உருண்டு, அந்தச் சாய்வு குறைந்துவிடும். சாதாரண அலைன்மென்டில் இது சரியாகாது, சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், அதாவது டோ மட்டும்தான் மாறும். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு கொடுத்துத்தான் திருத்த வேண்டும். இன்னொன்று, ஷேக்கிள் நான்கு இன்ச் நீண்டால் வண்டி இரண்டு இன்ச்தான் உயரும். வாங்கிய காசுக்கு அந்தக் கணக்காவது சரியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை.

டயர் கதை இதைவிட மோசம். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பல டயர்களில் இந்த முழு எண் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். என் நான்கு டயரிலும் அந்தப் பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் 1415. அதாவது 2015-ம் வருடம் 14-வது வாரம், ஏறக்குறைய எட்டு வருடக் கிழடு. தரையைத் தொடும் ரப்பர் பட்டன்களின் அடியில் முடிபோல வெடிப்புகள், அதன்மேல் பளபளக்க டயர் பாலிஷ். புது டயர் விலைக்கு விற்றிருக்கிறார்கள். சக்கரம் மாட்டும்போது பக்கத்தில் நின்று அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். எண் வெளியே தெரியும்படி மாட்டச் சொல்லுங்கள்.

அளவையும் யோசித்திருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த 205/70 ஆர்15 டயரின் உயரம் 668 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 என்றால் 733. ஆக்ஸிலுக்கு அடியில் கூடுதலாகக் கிடைப்பது இதில் பாதி, 33 மில்லிமீட்டர்தான். சஸ்பென்ஷன் லிஃப்ட் எத்தனை இன்ச் போட்டாலும் ஆக்ஸிலின் நடுவே உருண்டு நிற்கும் குண்டு ஒரு நூல்கூட உயராது, டயர் மட்டும்தான் அதைத் தூக்கும். இதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. பெரிய டயருக்கு விலையும் உண்டு. மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் ஏறக்குறைய 66-ல் போகிறீர்கள். 1.3 லிட்டர் எஞ்சின், ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே ஏறியது, கிளட்ச் வாடை வந்தது. மட் டயர் சேற்றுக்கு நல்லது. மழை பெய்த தாருக்கு அது ஆகாது. என் ஓட்டத்தில் பெரும்பாலும் தார் ரோடுதான்.

கடைசியில் பெரியவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. “உன் வண்டிக்கு லிஃப்ட்டே தேவையில்ல கண்ணு. 15 வருசத்துல பட்டை தூங்கிருச்சு, அவ்வளவுதான்.” வளைவு போய்த் தாழ்ந்துவிட்டது என்கிறார். நல்லவேளை, கழற்றிய பழைய பட்டைகளை நான் வாங்கி வந்திருந்தேன். அவற்றை வளைவு ஏற்றி, ஒடிந்த இரண்டு பட்டைகளை மட்டும் புதிதாகப் போட்டு, புஷ், யூ போல்ட் எல்லாம் மாற்றினார். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தோம். தூங்கிக் கிடந்ததைவிட ஒன்றரை இன்ச்சுக்கு மேல் எழுந்திருந்தது. கல் இடிப்பது நின்றுவிட்டது. டயரும் கம்பெனி அளவிலேயே, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் வகையில் போட்டுவிட்டேன்.

அந்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டியிருந்தது, பழையபடி மாற்றியிராவிட்டால் அங்கேயும் மாட்டியிருப்பேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் இதைத்தான் பிடிப்பார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். முதலில் சத்தம் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் ‘புது டயர்’ என்று அவரே அனுப்பியதையும் பணம் அனுப்பிய ரசீதையும் காட்டி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதும் குரல் இறங்கியது. ஐந்து லட்சம் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். டயரைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். அதே டயரை பாலிஷ் போட்டு அடுத்த வண்டிக்கு மாட்டுவார் என்று தெரிந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். புகாருக்குச் சாட்சியாக ஒன்றை மட்டும் தோப்பு ஷெட்டில் வைத்திருக்கிறேன். மீதி மூன்றையும் பஞ்சர் கடைத் தம்பியிடம் கொடுத்து, பக்கவாட்டில் கத்தி போட்டுக் கிழிக்கச் சொல்லி, கிழித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.