ஏடனா, வளைகுடாக் கரையா? பிரிட்டன் பிடித்த ஊரும் கையெழுத்து வாங்கிய ஊர்களும்

அரேபியத் தீபகற்பத்தின் கரையோரத்தில் பிரிட்டன் இரண்டு விதமாகக் காலூன்றியது. இன்றைய ஏமனில் இருக்கும் துறைமுக ஊரான ஏடனைச் சண்டை போட்டுப் பிடித்து நேரடியாக ஆண்டது. துபாய், அபுதாபி, ஷார்ஜா இருக்கும் கரையில் ஷேக்குகளிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு ஆட்சியை அவர்களிடமே விட்டது. எது மேல் என்று கேட்டால் பலரும் சட்டென்று இரண்டாவதைத்தான் சொல்வார்கள். இன்றைய துபாயையும் இன்றைய ஏடனையும் பார்த்துச் சொல்கிற பதில் அது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

1837-ல் பிரிட்டிஷ் கொடியோடு போன ஒரு மதராஸ் கப்பல் ஏடன் அருகே தரைதட்டிக் கொள்ளைபோனது. அதைக் காரணம் காட்டி 1839 ஜனவரியில் கேப்டன் ஹெய்ன்ஸ் ஊரைப் பிடித்தார். பம்பாய்க்கும் சூயஸுக்கும் நடுவே நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்ற ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1937 வரை ஏடன் இந்திய நிர்வாகத்தில்தான் இருந்தது.

ஒப்பந்தக் கரையின் தொடக்கமும் பீரங்கிதான். 1819 டிசம்பரில் பம்பாயிலிருந்து போன பிரிட்டிஷ் படை அந்தக் கரையில் இருக்கும் ராஸ் அல் கைமாவைத் தாக்கிக் கப்பல்களைக் கொளுத்தியது. மறுமாதமே ஷேக்குகள் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். 1892 ஒப்பந்தம் இன்னும் இறுக்கம்: பிரிட்டனைத் தவிர வேறு எந்த அரசோடும் பேசக்கூடாது, நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. 1922-ல் எண்ணெய் உரிமைக்கும் இதே மாதிரி வாக்குறுதி வாங்கினார்கள்.

இத்தனைக்கும் பதிலாக மக்களுக்கு என்ன கிடைத்தது? 1930-களில் ஜப்பானிய வளர்ப்பு முத்து வந்து முத்துக்குளிப்புத் தொழில் படுத்துவிட்டது, கரையில் பஞ்சம். துபாய்க்கு முதல் மருத்துவமனை வந்ததே 1950 வாக்கில்தான். உள்ளூர் ஆட்சியில் தலையிட மாட்டோம் என்பது பிரிட்டனுக்குச் செலவில்லாத கொள்கை. ஆனால் வேண்டியபோது தலையிட்டார்கள். அரபு நாடுகளின் அமைப்பான அரபு லீக்கை வரவேற்ற ஷார்ஜா ஷேக் சக்ர் 1965-ல் பதவியிழந்தார். மறு ஆண்டு அபுதாபியில் ஷேக் ஷக்பூத்தை இறக்கி அவர் தம்பி சாயித்தை அமர்த்தியதிலும் பிரிட்டனின் கை இருந்தது.

ஏடனிலோ துறைமுகமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இருந்தன. தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. 1956-ல் வேலைநிறுத்தங்கள் ஊரையே உலுக்கின. சம உரிமை இருந்ததாகச் சொல்ல மாட்டேன், அந்நிய ஆட்சிதான். ஆனால் எதிர்த்துக் குரல் கொடுக்க ஓர் அமைப்பாவது இருந்தது. 1955-ல் ஒரு கூலித் தொழிலாளியின் இடத்தில் நின்று கேட்டால் நான் ஏடனைத்தான் சொல்வேன். ஷேக் குடும்பத்தின் இடத்தில் நின்றால், சந்தேகமே இல்லாமல் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தமும் எல்லா அரசர்களையும் காப்பாற்றவில்லை. ஏடனுக்குப் பின்னால் உள்நாட்டில் இருந்த லாஹிஜ் போன்ற சுல்தானகங்களும் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டவைதான். அவற்றை ஏடனோடு ஒரே கூட்டமைப்பில் சேர்த்த பிரிட்டன், 1966 பிப்ரவரியில் இனி அங்கே படைத்தளம் இருக்காது என்று அறிவித்துவிட்டது. 1967 நவம்பர் இறுதியில் கடைசிப் படை வெளியேறியபோது சுல்தான்கள் யாரும் பதவியில் இல்லை. பிரிட்டனை எதிர்த்துப் போராடிய தேசிய விடுதலை முன்னணி நாட்டை எடுத்துக்கொண்டது.

வளைகுடாவில் அப்படி நடக்காததற்கு ஒப்பந்தத்தின் வலிமை காரணம் இல்லை என்றே நினைக்கிறேன். ஏடனில் இருந்த மாதிரி எதிர்த்து நிற்கும் தொழிலாளர் நகரம் அங்கே உருவாகவில்லை. அபுதாபியில் எண்ணெய்ப் பணமும் வந்திருந்தது. 1968 ஜனவரியில் வெளியேறப் போவதாக பிரிட்டன் சொன்னதும், படைச் செலவைத் தானே தருவதாக சாயித் முன்வந்தார். அதை லண்டன் ஏற்கவில்லை.

1971 நவம்பர் 30 அன்று ராஸ் அல் கைமாவுக்குச் சொந்தமான பெரிய, சிறிய துன்புத் தீவுகளில் ஈரான் படை இறங்கியது. பழைய ஒப்பந்தங்கள் முறைப்படி முடிய இன்னும் ஒரு நாள் பாக்கி. கடலில் பாதுகாப்புத் தருவதாக 1853 முதல் சொல்லிவந்த பிரிட்டன் தடுக்கவில்லை. அந்தத் தீவுகள் இன்றும் ஈரானிடம்தான் இருக்கின்றன.